கோபக்காரர் வீட்டில் எத்தனை அடுப்பு?

காரைக்குடிப் பக்கம் சம்பந்தம் பேசுவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பார்கள். தொழில், சொத்து, பங்காளிகள் எல்லாம் பேசி எழுந்திருக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: "மாப்பிள்ளையோட அப்பச்சி கொஞ்சம் கோபக்காரர். ஆனா மனசு வெள்ளை." (அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா.) கேட்கிறவர் தலையாட்டிக்கொள்வார். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்ற பழமொழியை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். பேச்சு வைரத் தோட்டுக்குப் போய்விடும்.

அந்தப் பழமொழியை நான் ஏற்பதில்லை. பெண் கொடுக்கிற வீட்டார் அதை நம்பிப் பட்ட பாட்டை நிறையப் பார்த்துவிட்டேன். குழந்தை ரோட்டுக்கு ஓடினால் ஒரு கோபம் வரும். கடன் வாங்கியவர் கண்ணெதிரே பொய் சொன்னால் வரும். அதற்கெல்லாம் காரணம் வெளியே தெரியும். காரணம் சரியானதும் கோபம் இறங்கிவிடும். பழமொழி அந்தக் கோபத்துக்குப் பொருந்தும். இன்னொரு கோபம் இருக்கிறது. அதன் காரணம் எதிரில் நிற்பவரிடம் இருக்காது. அவர் மன்னிப்புக் கேட்டாலும், காலில் விழுந்தாலும் அது இறங்காது. மனநல மருத்துவர்கள் நார்சிசச் சீற்றம், அதாவது தற்பெருமை காயப்பட்டதால் வருகிற சீற்றம், என்று சொல்வது இந்தக் கோபத்தைத்தான்.

எங்கள் வீட்டில் அது என் பெரியப்பச்சியிடம், அதாவது பெரியப்பாவிடம், இருந்தது. அவரும் இல்லை, அவர் மனைவி பெரியாத்தாவும் இப்போது இல்லை. அவர்களுடைய பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டைச் சொல்கிறேனே தவிர எங்கள் நகரத்தார் இனத்தைச் சொல்லவில்லை. இதே ஆட்களை விவசாயம் பார்க்கிற வீடுகளிலும் வாத்தியார் வீடுகளிலும் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் பங்காளி வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். அதில் பெரியப்பச்சியின் பெயர் இரண்டாவதாக அச்சாகியிருந்தது. முதலில் இருந்தவர் அவரைவிட ஒரு வயது மூத்தவர். வரிசையில் தவறே இல்லை. பெரியப்பச்சி பத்திரிகையை வாங்கிப் படித்தார், சிரித்தார், "எல்லாருக்கும் காப்பி கொடுங்க" என்றார். பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து மழை, நெல் விலை என்று அரை மணி நேரம் பேசினார். வாசல் வரை போய் வழியனுப்பினார். திரும்பி உள்முற்றமான வளவுக்குள் நுழைந்ததும் பெரியாத்தா கையில் இருந்த மங்குத் தட்டைப் பிடுங்கித் தூணில் அடித்தார். "எல்லாம் உன்னால. நீ போய் அவங்க வீட்டு அடுப்படியில சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தா எனக்கு எவன் மரியாதை குடுப்பான்?" நள்ளிரவு வரை நடந்தது. அந்தக் கல்யாணத்துக்கு வீட்டில் ஒருவரும் போகக் கூடாது என்றார். அதோடு விடவில்லை. அடுத்த படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) அந்த வீட்டார் வந்தால் நான் வரமாட்டேன் என்றார். அவர்கள் பையனுக்கு நடந்த ஒரு சம்பந்தப் பேச்சை ஆள் விட்டுக் கலைத்தார். வருஷக் கணக்கில் அந்தப் பகை ஓடியது. பத்திரிகை அடித்தவருக்குத் தான் என்ன செய்தோம் என்று கடைசிவரை தெரியாது.

இதில் என்னை யோசிக்க வைத்தது அந்த அரை மணி நேரம். அவரால் அடக்க முடிந்திருக்கிறது. கோபம் தலைக்கேறிவிட்டது, கண்மண் தெரியவில்லை என்று பெரியாத்தா பிறகு சொன்னபோதெல்லாம் எனக்கு அந்தக் காப்பி நினைவு வரும். கண் நன்றாகத் தெரிந்தது. செல்லுபடியாகிற இடம் வரும்வரை கோபம் காத்திருந்தது.

உளப்பகுப்பாய்வின் முன்னோடி ஃபிராய்டு 1914இல் நார்சிசத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஆனால் இந்தச் சீற்றத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தவர் ஹைன்ஸ் கோஹுட், 1972இல். வியன்னாவில் பிறந்து சிகாகோவில் வாழ்ந்த மனநல மருத்துவர். பழிவாங்க வேண்டும், பட்ட காயத்தை எப்படியாவது இல்லாமல் ஆக்க வேண்டும், அது முடியும்வரை ஓயக்கூடாது என்ற விடாப்பிடிதான் இதன் அடையாளம் என்றார். சாதாரணக் கோபத்தில் எதிராளி ஒரு தனி மனிதராகத் தெரிவார். அவர் செய்தது தடையாகத் தெரியும். இந்தச் சீற்றத்தில் எதிராளி தனி மனிதரே இல்லை. தன் உலகத்தில் எல்லாம் தன் சொல்படி நடக்க வேண்டியிருக்க, அதில் விழுந்த ஒரு கீறல் அவர். பெரியப்பச்சியின் பகையைக் கோஹுட் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்போது யாரைக் கேட்டாலும் தன் மேலதிகாரி நார்சிசிஸ்ட், விவாகரத்தான கணவர் நார்சிசிஸ்ட், மாமியார் நார்சிசிஸ்ட் என்கிறார்கள். தற்பெருமை எல்லோரிடமும் கொஞ்சம் உண்டு, இருக்கவும் வேண்டும். நோய் என்று சொல்ல அளவுகோல் வேறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல்தான் நார்சிச ஆளுமைக் கோளாறைத் தன் கையேட்டில் சேர்த்தது. தன்னைப் பற்றிய மிகையான எண்ணம், பாராட்டு இல்லாமல் இருக்க முடியாமை, தனக்கு மட்டும் தனி உரிமை உண்டு என்ற நினைப்பு, பிறரைப் பயன்படுத்திக்கொள்வது, பிறர் வலி உறைக்காமை, பொறாமை என்று ஒன்பது அடையாளங்களில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். இளமையில் தொடங்கி எல்லா உறவுகளிலும் நீடிக்க வேண்டும். அமெரிக்காவில் சுமார் 35,000 பேரிடம் நேரில் பேசி 2008இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வாழ்நாளில் இந்தக் கோளாறு இருந்தவர்கள் 6.2 சதவீதம், ஆண்களில் 7.7, பெண்களில் 4.8. மற்ற கணக்கெடுப்புகள் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகச் சொல்கின்றன. பெரியப்பச்சியை எந்த மருத்துவரும் பார்த்ததில்லை. அவருக்கு நோய் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய நடத்தையைப் புரிந்துகொள்ள இந்த ஆய்வுகள் எனக்கு உதவின, அவ்வளவுதான்.

எது உதவியது? முதலில் வெட்கம். தன்னை மிகப் பெரியவனாக நினைக்கிறவனுக்கு ஒரு பத்திரிகையில் இரண்டாவது இடம் ஏன் வலிக்க வேண்டும்? உண்மையிலேயே தன் பெருமையில் நம்பிக்கை இருந்தால் அது உறைக்கக் கூட உறைக்காதே. கிரிஜான், ஜோஹர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நார்சிசத்தில் இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று வெளிப்படையாக மார்தட்டுவது. மற்றது உள்ளுக்குள் குறுகி, யார் என்ன நினைக்கிறார்கள் என்றே கவனித்துக்கொண்டிருப்பது. சீற்றத்தோடு நெருங்கிய தொடர்பு இரண்டாவதற்குத்தான் இருந்தது. வெட்கமும் சந்தேகமும் பழைய அவமானங்களைத் திரும்பத் திரும்ப மெல்லுவதும்தான் அதைக் கிளப்பின. தோல் உரிந்த இடத்தில் உப்பு பட்டால் வருகிற வலி அது. உப்பைத் தூவியவருக்கு அங்கே தோல் இல்லை என்பதே தெரியாது.

அதற்கு முன்பே 1998இல் புஷ்மன், பாமெய்ஸ்டர் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்திருந்தார்கள். மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லி, சிலருக்கு மிக மோசமான கட்டுரை என்று அவமானப்படுத்தும் மதிப்புரை கொடுத்தார்கள். பிறகு மதிப்பிட்டவர் காதில் பெரிய சத்தம் எழுப்ப ஒரு வாய்ப்பு. நார்சிசம் அதிகமாக இருந்து அவமானமும் பட்டவர்கள்தான் மிகப் பலமாகச் சத்தம் எழுப்பினார்கள். வெறும் தன்னம்பிக்கை எவ்வளவு என்பது அதில் ஒரு வித்தியாசமும் செய்யவில்லை. தாழ்வு மனப்பான்மைதான் மூர்க்கத்துக்கு வேர் என்று அதுவரை பலர் நம்பியிருந்ததை அந்தச் சோதனை ஆட்டிவிட்டது. 2021இல் 437 ஆய்வுகளை, 1,23,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே திசைதான்: நார்சிசம் கூடக்கூட மூர்க்கமும் கூடுகிறது, சீண்டப்பட்டால் இன்னும் கூடுகிறது.

இனி, அந்தத் தோல் எங்கே உரிந்தது? இதைப் பற்றி எழுதத்தான் நான் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டைக் கட்டியது ஐயாவுடைய ஐயா. பர்மாவில் பெகுவில் மூன்றெழுத்து விலாசத்தோடு (குடும்பத்தின் தொழில் பெயர்) வட்டிக் கடை. மூன்று வருஷம் அங்கே, அப்புறம் கொஞ்ச காலம் ஊரில் என்று அந்தக் கால ஆண்கள் போய் வந்தார்கள். 1930களில் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாக வயல்கள் கைக்கு வந்தன. 1942இல் ஜப்பான் படை வந்தபோது கடையையும் வயலையும் விட்டுவிட்டு வந்தார்கள். சுதந்திரம் பெற்ற பர்மா 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் போட்டது, பத்திரம் காகிதமானது. பெரியப்பச்சி பிறந்தது 1940களின் நடுவில். தேக்குத் தூண்களும் பெல்ஜியம் கண்ணாடியும் இருந்த வீட்டில், கொத்து அரிசியை அளந்து போட்ட காலத்தில் அவர் வளர்ந்தார். மூத்த பிள்ளை. பட்டாலையில் வீட்டைக் கட்டியவரின் படம் மாட்டியிருக்கும். வருகிறவர்களிடம் அப்பத்தா அந்தப் படத்தையும் பையனையும் மாறி மாறிக் காட்டி, "இவன் யாரு? அவருதான் திரும்பி வந்திருக்காரு. விலாசத்தை மீட்டுருவான்" என்பாராம். அதே பையன் கணக்கில் தப்புப் போட்டால், அவனுடைய அப்பச்சி, அதாவது எங்கள் ஐயா, முகப்பில் நிறுத்தி, போகிற வருகிறவர்கள் முன்னால், "விலாசத்துக்கு வந்த வினை" என்று சொல்வாராம். இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்கிறது.

இதையெல்லாம் என் அப்பச்சி சொன்னார். அவர் இரண்டாவது பிள்ளை. அவரை யாரும் படத்தோடு ஒப்பிடவில்லை. முகப்பில் நிறுத்தவும் இல்லை. அம்மா வழி ஆயா வீட்டில் பாதி நாள், மாட்டுக் கொட்டகையில் மீதி நாள். ஒரே அடுப்புச் சோறு சாப்பிட்ட இரண்டு பிள்ளைகளில் ஒருவர் தன் பெயர் பத்திரிகையில் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே மாட்டார். மற்றவர் அதை மட்டுமே பார்ப்பார்.

அறிஞர்கள் இந்த விஷயத்தில் ஒத்துப்போவதில்லை. குழந்தை தன்னை ரசிக்கிற, தன்னைப் பார்த்து மலர்கிற ஒரு முகத்தைத் தேடுகிறது, அது கிடைக்காதபோது சிறுபிள்ளைப் பெருமை வளராமலே உறைந்துவிடுகிறது என்றார் கோஹுட். ஓட்டோ கெர்ன்பெர்க் என்ற இன்னொரு மனநல மருத்துவர் வேறு மாதிரிச் சொன்னார்: பாசமில்லாத பெற்றோரிடம் வளரும் குழந்தை தன்னுடைய ஆத்திரத்தையும் பசியையும் மறைக்க ஒரு பெரிய மனிதனை உள்ளே உருவாக்கிக்கொள்கிறது, ஏதோ ஒரு தனித் திறமைக்காக வீடு அதைக் கொண்டாடினால் அந்த இடத்தில் போய் ஒளிந்துகொள்கிறது. கெர்ன்பெர்க்கும் வியன்னாவில் பிறந்தவர். இரண்டு பேருமே நாஜிகளுக்குப் பயந்து 1939இல் அந்த ஊரை விட்டு வெளியேறியவர்கள். இழந்த வீட்டின் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தத் தகவல் எனக்கு ஞாபகம் வருகிறது. இது ஆய்வு இல்லை, என் மனசில் ஒட்டிக்கொண்ட ஒன்று.

பாசக் குறைவுதான் காரணமா, அளவுமீறிய புகழ்ச்சியா என்று நெதர்லாந்தில் புருமெல்மனும் அவர் குழுவினரும் பார்த்தார்கள். 7 முதல் 11 வயது வரையான 565 குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆறு மாத இடைவெளியில் நான்கு முறை விசாரித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட உசத்தி, அவனுக்குத் தனிச் சலுகை வேண்டும் என்று நினைத்த பெற்றோரின் குழந்தைகளிடம் நார்சிசப் போக்கு வளர்ந்தது. பாசமாக இருந்த பெற்றோரின் குழந்தைகளிடம் வளர்ந்தது தன்மதிப்பு. இரண்டும் வேறு வேறு விதைகள். பாசக் குறைவு நார்சிசத்தை வளர்த்ததற்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் பிறவியிலும் ஒரு பங்கு உண்டு என்கின்றன.

எங்கள் வீட்டை வைத்து நான் நினைப்பது இது. அப்பத்தாவின் புகழ்ச்சியும் ஐயாவின் ஏச்சும் எதிரெதிரானவை போலத் தெரிந்தாலும் இரண்டிலும் அந்தப் பையன் இல்லை. விலாசம் இருந்தது, படம் இருந்தது, ஊர் என்ன சொல்லும் என்பது இருந்தது. அவனுக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படுவான் என்று யாரும் கேட்கவில்லை. பாராட்டு வராத நாளில் தான் ஒன்றுமே இல்லை என்று நம்பும்படி அவன் வளர்ந்தான். அறுபது வயதிலும் அப்படித்தான் நம்பினார்.

விளைவுகளுக்கு வருகிறேன். அம்பாசிடர் கதவு சாத்துகிற சத்தத்தை வைத்து அன்றைக்கு வீடு எப்படி இருக்கும் என்று எங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லத் தெரியும். செருப்பை முகப்பில் கழற்றினால் ஒரு மாதிரி, வளவு வாசல் வரை போட்டுக்கொண்டு வந்தால் வேறு மாதிரி. மங்குச் சாமான்களில் எந்தத் தட்டில் எந்தச் சில்லு எப்போது பெயர்ந்தது என்று தெரியும். பயம் இப்படி அன்றாட வேலையானால் உடம்பு எப்போதும் ஓடுவதற்குத் தயாராகவே இருக்கும். தூக்கம் கெடும், வயிறு எரியும், ரத்த அழுத்தம் ஏறும். பெரியாத்தா மாத்திரை டப்பாவை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்.

ஆனால் அதைவிடப் பெரிய கேடு ஒன்று இருந்தது. "அப்பச்சிகிட்டச் சொல்லாதே." அந்த வீட்டின் முதல் சட்டம் அதுதான். மார்க் குறைந்தது, பால் பொங்கி வழிந்தது, பங்காளி வீட்டில் விசேஷம் நல்லபடி நடந்தது, வட்டி வசூலாகவில்லை — எதுவும் அவர் காதுக்குப் போகக் கூடாது. சமையல்கார அம்மாள் முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லோரும் பொய் சொல்லப் பழகினார்கள். அதனால் அவர் ஒரு பொய்யான வீட்டில் வாழ்ந்தார். எல்லாம் தன் விருப்பப்படி நடக்கிற, எல்லோரும் தன்னைப் போற்றுகிற வீடு. உண்மை எப்போதாவது கசிந்தால் அது அவருக்கு இரட்டை அடி: நடந்ததும் வலித்தது, மறைத்ததும் வலித்தது. அடுத்த சீற்றம் இன்னும் பெரிதாக வந்தது. உடனே இன்னும் கவனமாக மறைத்தார்கள். கோபத்துக்குப் பயந்து சொன்ன பொய்யே அடுத்த கோபத்துக்குத் தீனியானது. அவருக்கு இணங்கிப் போனால் அமைதி வரும் என்று பெரியாத்தா ஆயுள் முழுக்க நம்பினார். வரவில்லை.

கத்தின மறுநாள் காலையில் கேட்டால், "நான் எப்பக் கத்துனேன்? நீதான் ஊரைக் கூட்டுற" என்பார். பெரியாத்தாவுக்கே சந்தேகம் வந்துவிடும், என்னிடம் வந்து, "நேத்து நீ கேட்டேல்ல? நிஜமாத்தானே?" என்பார். இரண்டு நாள் கழித்து ஒரு கண்டாங்கிச் சேலை வரும். மன்னிப்பு வராது. சேலை வந்த நாளில் அவர் பிரியமாகப் பேசுவார், பழைய கதை சொல்லிச் சிரிப்பார், அந்தச் சிரிப்பு நிஜமாகவே நன்றாக இருக்கும். எப்போது வரும் என்று தெரியாத பிரியம் எப்போதும் இருக்கிற பிரியத்தைவிடக் கெட்டியாக ஆளைக் கட்டிப்போடுகிறது. நல்ல பக்கம்தான் அசல், கெட்ட பக்கம் ஏதோ கிரகக்கோளாறு என்று பெரியாத்தா சொல்லிக்கொண்டிருந்தது அதனால்தான்.

பிள்ளைகள் இருவர். மகன் எது செய்தாலும் சரி, மகள் எது செய்தாலும் குற்றம். தங்கை இப்போது வெளியூரில் வங்கியில் நல்ல பதவியில் இருக்கிறாள். யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் பேசிக்கொண்டிருந்ததை மறந்துவிடுகிறாள். தவறே செய்யாத இடத்திலும் "ஸாரி" என்றுதான் வாக்கியத்தைத் தொடங்குகிறாள். அண்ணன் கடை வைத்தான். பணியாளரைத் திட்டும்போது வார்த்தைக்கு வார்த்தை அவனுடைய அப்பச்சி. கொண்டாடப்பட்ட பிள்ளை தப்பித்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அதே விதையை அவனுக்கும் ஊன்றியிருந்தார்கள்.

சத்தமே போடாத வகையும் உண்டு. உறவில் ஒரு அத்தை. குரலை உயர்த்தியதே இல்லை. விசேஷ வீட்டில் தனக்கு வெற்றிலைத் தட்டு கொஞ்சம் தாமதமாக வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். பிறகு மாசக் கணக்கில் பேச்சு இருக்காது. "நான் செத்தாத்தான் என் அருமை தெரியும்" என்பார். என்ன தப்பு செய்தோம் என்று மருமகள்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு திரிவார்கள். இவரைப் பாவம் என்றுதான் ஊர் சொல்லும். அந்த மௌனமும் சீற்றம்தான். அது தட்டை வீசவில்லை, அவ்வளவே.

அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணமிண்டி (அண்ணி) வந்தார். தேவகோட்டைப் பக்கத்துப் பெண். எங்கள் வழக்கத்தில் மகனுக்குக் கல்யாணமானால் அவன் கோயிலில் தனிப் புள்ளி, அதாவது தனியாக வரி கட்டும் குடும்பம். கொஞ்ச நாளில் அவர்களை வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வீடு, ஒரே வளவு, ஆனால் அடுப்பு தனி, அரிசி தனி, கணக்குத் தனி. மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால், இவ்வளவு பெரிய வீட்டில் ஒன்றாகச் சாப்பிட மாட்டீர்களா என்பார்கள். பெரியப்பச்சியும் அப்படித்தான் நினைத்தார். "நான் இருக்கும்போது எதுக்கு இன்னொரு அடுப்பு" என்று தள்ளிக்கொண்டே போனார். குழந்தை பிறந்து அது முதல் முறை கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு அழுத பிறகு அண்ணமிண்டி நேரே போய்க் கேட்டார்:

"மாமா, புள்ளி வரி தனியாத்தானே கட்டுறோம். அடுப்பு மட்டும் ஏன் ஒண்ணா இருக்கணும்?"

அதன் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். பங்காளிகள் வந்து பேசினார்கள். வழக்கம் அண்ணமிண்டி பக்கம் இருந்ததால் பெரியப்பச்சியால் மறுக்க முடியவில்லை. இரண்டாங்கட்டில் தனி அடுப்பு வந்தது.

அந்த வழக்கத்தைச் செய்து வைத்தவர்கள் எதை நினைத்துச் செய்தார்களோ, எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தில் அதைவிட நல்ல மருந்து இல்லை. உறவை அறுக்காமல் ஒருவருடைய மனநிலை எட்டுகிற தூரத்தைக் குறைத்துவிடுகிறது. அண்ணமிண்டி வேறு சிலதும் செய்தார். பெரியப்பச்சி கத்தும்போது பதில் பேச மாட்டார், நியாயம் சொல்ல மாட்டார், அழ மாட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விடுவார். மறுநாள் காப்பி நேரத்தில் ஒரே ஒரு தடவை: "மாமா, நேத்து இப்படிப் பேசுனீங்க. மறுபடி பேசுனா நாங்க எந்திரிச்சுப் போயிருவோம்." அவர் மறுப்பார். இவர் வாதாட மாட்டார். அடுத்த முறை பேசியபோது எழுந்து போனார், தேவகோட்டைக்கு, ஒரு வாரம். பாராட்டை மட்டும் நிறுத்தவில்லை. அவர் உண்மையிலேயே நல்லது செய்தால், செய்த காரியத்தைச் சொல்லி நன்றி சொல்வார். "உங்களைப் போல உண்டா" என்று சொல்லவே மாட்டார்.

ஆரம்பத்தில் பெரியப்பச்சி இன்னும் மோசமானார். பழைய வழி பலிக்காதபோது அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பது மனித இயல்பு. பிறகு மருமகளிடம் கத்துவது குறைந்தது. அந்தப் பங்கும் சேர்ந்து பெரியாத்தா தலையில் விழுந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். எல்லைக்கோடு போட்டவர் தப்பித்தார். கோடு போட இடமில்லாதவர் இன்னும் வாங்கினார். பெரியாத்தாவுக்குத் தனி அடுப்பு என்ற ஒன்று எந்த வழக்கத்திலும் இல்லை.

சட்டத்தில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. ஏச்சு, அவமானப்படுத்துவது, மனரீதியாக வதைப்பது, பணத்தை முடக்குவது எல்லாம் அதில் வருகின்றன. கூட்டாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையையும் அது தருகிறது. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி எந்த நேரமும் கிடைக்கும். அடி விழுகிற வீட்டில், விழும் என்று பயம் இருக்கிற வீட்டில், நான் மேலே சொன்ன காப்பி நேரப் பேச்செல்லாம் வேண்டாம். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும், பிள்ளைகளோடு. அடிக்கிறவருடைய சிறுவயது எவ்வளவு பரிதாபமாக இருந்தாலும் சரி. முகப்பில் நிறுத்தப்பட்ட அந்தப் பையனுக்காக நான் பலமுறை அழுதிருக்கிறேன். அவனுக்காகப் பெரியாத்தா ஆயுள் முழுக்க அடி வாங்கியிருக்க வேண்டியதில்லை. காரணத்தைப் புரிந்துகொள்வது வேறு, கணக்கைத் தள்ளுபடி செய்வது வேறு.

சிகிச்சை உண்டா என்று கேட்பார்கள். இதற்கென்று மாத்திரை இல்லை. கூடவே வருகிற மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ மருந்து தருவார்கள். உள்ளே இருப்பதை மாற்றப் பேச்சுச் சிகிச்சைதான். மாதங்களில் முடியாது, வருஷங்கள் ஆகும். பெரிய சிக்கல், இவர்கள் தாங்களாக வருவதில்லை. மனைவி போய்விட்டால், தொழில் படுத்துவிட்டால், வயதாகிப் பாராட்ட ஆள் இல்லாமல் போனால், மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பெரியப்பச்சி அப்படியும் வரவில்லை. கை கால் தளர்ந்த பிறகு சீற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள வந்த ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒரே ஒரு முறை என் அப்பச்சியிடம், "தம்பி, என்னைய யாருக்குமே பிடிக்கலடா" என்று சொன்னாராம். அப்பச்சி ஏதோ பதில் சொல்வதற்குள், "உனக்கு மட்டும் என்ன, நீயும் நடிக்கிறவன்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

குழந்தை வளர்க்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது. வெட்கமும் குற்ற உணர்வும் ஒன்றல்ல என்பதை ஜூன் டாங்னி என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். "நீ செஞ்சது தப்பு" என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு அதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. "நீயே தப்பு" என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு வழி இல்லை. ஒன்று குறுகிப்போகும், இல்லையென்றால் பழியைத் தூக்கி இன்னொருவர் மேல் எறியும். இன்றைக்கு முகப்பில் யாரும் பிள்ளையை நிறுத்துவதில்லை. மார்க் பட்டியலைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். நல்ல மார்க் என்றால் "எங்க குலவிளக்கு", குறைந்தால் அத்தனை பேர் பார்க்க அறிவுரை. அப்பத்தாவும் ஐயாவும் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை.

அண்ணன் இப்போது மதுரைக்குப் போய் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கிறான். தானாகப் போகவில்லை. மகன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் கடையில் நடந்ததைப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு அப்பச்சியப் பிடிக்கல" என்று அண்ணமிண்டியிடம் சொல்லியிருக்கிறான். அண்ணமிண்டி தேவகோட்டைக்குப் போவதற்குப் பதில் இந்த முறை 14416க்குப் பேசினார். அரசின் டெலி மானஸ் உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டு அண்ணனிடம் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று: போகத் தொடங்கினால் இருப்போம். முதல் சில மாதம் ஆலோசகர் சரியில்லை, படிப்புப் போதாது, மரியாதை தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே போனான். நிறுத்தவில்லை. இப்போதும் கத்துகிறான், கடையில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, வீட்டில் அவ்வளவாக இல்லை. ஆனால் போன மாதம் கத்தின மறுநாள் காலையில் மகன், "நேத்து ஏன் அப்படிக் கத்துனீங்க?" என்று கேட்டதற்கு, "கத்துனேன். நீ சொன்னது சரியா இருந்துச்சு, அதான்" என்று பதில் சொல்லியிருக்கிறான்.